சாவி யார் கையில்?

எழுதுவது ஒரு முடிவு என்றால், அதை யார் படிக்கலாம் என்பது இன்னொரு முடிவு. முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். "வெட்கமில்லையென்றால் எல்லோரும் படிக்கட்டுமே, பூட்டு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க ரசிகப் புனைவின் வரலாற்றில் பதில் இருக்கிறது.

1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. மறு ஆண்டே ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் இதழ் வந்துவிட்டது. தொடரின் பாத்திரங்களை வைத்துப் புதுக் கதைகள் எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிலர் கர்க், ஸ்பாக் என்ற இரு ஆண்களுக்கிடையே காதலைக் கற்பனை செய்தார்கள். அக்கதைகள் முதலில் அச்சுக்குப் போகவில்லை, தோழியரிடையே கைமாறின. 1974இல் டயான் மார்ச்சன்ட் எழுதிய அத்தகைய கதை அச்சேறியபோதும் பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை. காமம் கலந்த இதழ்களை வாங்க, வயது வந்தவர் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1981இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரங்களைப் பாலுறவுக் கதைகளில் எழுதக் கூடாதென்று இதழ் நடத்தியவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இணையம் வந்தபின் அஞ்சலுறையின் வேலையை ஒரு பொத்தான் செய்தது. 1999இல் தொடங்கிய லைவ்ஜர்னலில் ஒவ்வொரு பதிவையும் ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று பூட்டலாம். ஆனால் அது வாடகை வீட்டின் பூட்டு. 2007 மே மாத இறுதியில், வெளியாரின் புகாரையடுத்து, அந்நிறுவனம் ஏறத்தாழ 500 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. விருப்பப் பட்டியலில் இருந்த சொற்களே ஆதாரம். சிறார் மீதான பாலியல் குற்றத்தைத் தடுக்கிறோம் என்றார்கள். பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களின் குழுக்களும் அதில் சிக்கின. சில நாட்களில் மன்னிப்புக் கேட்டுப் பல கணக்குகளைத் திருப்பித் தந்தார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது.

சொந்த வீடு வேண்டும் என்ற பேச்சு அம்மாதமே எழுந்திருந்தது. ரசிகர்களின் நன்கொடையில், லாப நோக்கமின்றி, சொந்த சர்வர்களில் கட்டப்பட்ட ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009 நவம்பரில் பொதுவுக்குத் திறந்தது. பெயரில் வர்ஜீனியா வுல்ஃபின் அறை இருக்கிறது. எழுதுபவர் தன் கதையை உறுப்பினர் மட்டும் படிக்கும்படி பூட்டலாம். அதைவிட எனக்குப் பிடித்தது ‘அநாதையாக்கல்’ என்ற ஏற்பாடு. பெயர் கொஞ்சம் கொடூரம்தான். வேலை, மணவாழ்க்கை, குழந்தைகள் என்று ஏதோ காரணத்தால் பழைய கதையோடு தன் பெயர் இருக்க வேண்டாம் என்று ஒருத்தி நினைத்தால் கதையை அழிக்க வேண்டியதில்லை; பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். படித்தவர்களிடம் கதை இருக்கும், அவள் போய்விடலாம். பெண்களின் வாழ்வை அறிந்தவர்கள்தான் இப்படி ஒரு பொத்தானை யோசிக்க முடியும்.

2025இல் இத்தளத்தின் சுமார் 1 கோடியே 26 லட்சம் படைப்புகளை ஒருவர் மொத்தமாகச் சுரண்டி, செயற்கை நுண்ணறிவுக்கான தரவாகப் பொதுவில் வைத்தார். எடுக்கப்பட்டவை பூட்டப்படாதவை. அதன்பின் பலர் தங்கள் கதைகளைப் பூட்டினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே உறுப்பினராக அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும், மின்னஞ்சல் வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் கண்ணில் படாமல், அடையாளம் எதுவும் விட்டுவைக்காமல், இரவல் செல்பேசியில் படித்துக்கொண்டிருந்த சிறு பெண்ணும் அன்று வெளியாள் ஆனாள்.