ஹூக்காவில் அலுமினியம் ஃபாயில் எதற்கு? சரியாகக் கட்டினால் ஆபத்து குறையுமா?

கெய்ரோ, பெய்ரூட், துபாய் என்று எந்த ஊர் ஷீஷா கடைக்குப் போனாலும், பின்கட்டில் ஒருத்தர் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார். மண் கிண்ணத்தில் ஈரப் புகையிலையை உதிர்த்துப் போடுவார். மேலே அலுமினியம் ஃபாயிலை இழுத்துக் கட்டுவார். ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, கனியும் கரியை எடுத்து வைப்பார். ஹூக்கா 'நல்லா இருக்கு', 'தொண்டையைக் கரிக்குது' என்று வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிட வேலையைப் பொறுத்தது.

சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அதே ஃபாயில்தான். அதற்கு இங்கே என்ன வேலை? அதை ஒழுங்காகக் கட்டிவிட்டால் உடம்புக்குக் கெடுதல் குறையும் என்று சிலர் நம்புகிறார்களே, அது உண்மையா?

ஃபாயில் எப்படி வந்தது?

ஹூக்கா பல நூற்றாண்டு பழையது. அக்பர் அவையில் இருந்த ஹக்கீம் அபுல் ஃபத் கிலானிதான், புகையைத் தண்ணீர் வழியே இழுத்தால் தீங்கு இருக்காது என்று யோசனை சொன்னவர் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்த நம்பிக்கை 400 வருடம் கழித்தும் போகவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆனால் அந்தக் காலத்து ஹூக்காவில் ஃபாயில் கிடையாது. புகையிலையின் மேலேயே கரியை வைத்துப் பிடித்தார்கள். புகை காட்டமாக இருக்கும். எல்லோராலும் தாங்க முடியாது.

நிலைமை மாறியது 1990களில். வெல்லப்பாகு அல்லது தேன், கிளிசரின், பழ வாசனை எல்லாம் சேர்த்துப் பிசைந்த ஈரப் புகையிலை எகிப்தில் இருந்து பல நாடுகளுக்கும் பரவியது. அரபியில் இதற்கு 'மஅஸ்ஸல்' என்று பெயர். தேன் கலந்தது என்று பொருள். இதன் மேல் நேரடியாகக் கரியை வைத்தால் பாகு கருகிவிடும், வாயில் கசக்கும். அதனால் கரிக்கும் புகையிலைக்கும் நடுவில் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் ஃபாயில்.

கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது?

குழாயை இழுக்கும்போது வெளிக் காற்று முதலில் கரியைத் தொட்டுச் சூடாகிறது. அந்தச் சூடான காற்று ஃபாயில் துளைகள் வழியாகக் கீழே இறங்கிப் புகையிலைக்குள் நுழைகிறது. பாகும் கிளிசரினும் ஆவியாகி, நிகோடினையும் வாசனையையும் தூக்கிக்கொண்டு தண்டு வழியாகத் தண்ணீருக்குப் போகின்றன. வாயில் வரும் வெள்ளைப் புகையில் பெரும்பகுதி இந்த ஆவிதான். சிகரெட் மாதிரி புகையிலை தானே பற்றி எரிவது இல்லை. கரியை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஹூக்காவும் நின்றுபோகும்.

அப்படியானால் வெப்பம் எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்வது ஃபாயில். ஷீஷா கடைக்காரர்கள் அதில் கவனமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

முதல் விஷயம் தடிமன். இந்தியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 11 மைக்ரான் ஃபாயில். கரியின் எடைக்கும் சூட்டுக்கும் அது சீக்கிரம் தொய்ந்துவிடும், கிழியவும் செய்யும். அதனால் 18 மைக்ரான் போன்ற தடித்த ரகம், இல்லாவிட்டால் மெல்லியதை இரண்டாக மடித்துப் போடுவது வழக்கம். பளபளப்பான பக்கம் மேலேயா கீழேயா என்று பெரிய விவாதமே நடக்கும். அதில் ஒன்றும் இல்லை. ஆலையில் கடைசியாக இரண்டு தகடுகளைச் சேர்த்து உருட்டுவதால் ஒரு பக்கம் மங்கலாகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, இறுக்கம். தட்டினால் மேளத்தோல் மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். தொய்ந்தால் கரியோடு சேர்ந்து ஃபாயில் புகையிலையைத் தொடும். தொட்ட இடம் கருகும். இதற்காகவே புகையிலையை விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழேயே நிறுத்துகிறார்கள். அமுக்கி வைப்பதும் கிடையாது. அமுக்கினால் காற்று போகாது.

மூன்றாவது துளைகள். டூத்பிக் அல்லது ஊசியால் விளிம்பிலிருந்து நடுப்பக்கம் வட்டம் வட்டமாகப் போடுவார்கள். துளை குறைவாக இருந்தால் புகை வராது, இழுக்க இழுக்கக் கன்னம்தான் வலிக்கும். பெரிதாக இருந்தால் சாம்பல் உள்ளே கொட்டும், சூடும் மொத்தமாக இறங்கும். நடுவில் மேடு வைத்து அதில் மட்டும் துளையுள்ள கிண்ணம் என்றால், அந்தத் துளைக்கு நேர் மேலே குத்தக் கூடாது. குத்தினால் காற்று புகையிலையைத் தொடாமலே நேராகக் கீழே போய்விடும்.

கரியை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து, அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். இப்போது பல கடைகளில் ஃபாயிலுக்குப் பதில் மூடி போட்ட ஒரு உலோகத் தட்டு வந்துவிட்டது. வேலை அதேதான்.

புகை இதமாக இருந்தால் பாதுகாப்பா?

இங்கேதான் சிக்கல். ஃபாயில் சரியாக இருந்தால் குறைவது கருகல், கசப்பு, தொண்டைக் கரகரப்பு. இவை மூன்றும் நாக்குக்கும் தொண்டைக்கும் தெரிபவை. உடம்புக்குப் பெரிய ஆபத்து தருவது வேறொன்று. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கார்பன் மோனாக்சைடு.

அது வருவது கரியில் இருந்து. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஹூக்கா புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடில் சுமார் 90 சதவீதம் கரியிலிருந்தே வருவதாகக் கண்டார்கள். புற்றுநோயை உண்டாக்கும் சில வேதிப்பொருட்களின் பெரும்பங்கும் கரியுடையதே. ஃபாயிலில் துளை இருக்கும் வரை கரியின் வாயு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். துளை இல்லாமல் ஹூக்கா இல்லை. ஃபாயிலில் இருந்து அலுமினியம் வருமா என்று கவலைப்படுகிறவர்கள், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கரியைப் பற்றி யோசிப்பதே இல்லை.

'கொட்டாங்குச்சிக் கரி, இயற்கையானது' என்பதும் அடிக்கடி கேட்கிற வார்த்தை. தீக்குச்சி வைத்ததும் பற்றிக்கொள்ளும் ரசாயனக் கரியின் வாடை இதில் இருக்காது, உண்மை. ஆனால் எந்தக் கரி எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு உண்டு.

தண்ணீர் வடிகட்டிவிடாதா? தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், நிகோடினில் ஒரு பகுதியைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அப்படியே கடந்து வந்துவிடும். 'ஹெர்பல்', 'புகையிலை இல்லாதது' என்று விற்கப்படும் ஹூக்காவிலும் நிகோடின் மட்டும்தான் இல்லை. கரி அதே கரி.

இன்னொன்று, இதமான புகையை ஆழமாகவும் நீண்ட நேரமும் இழுக்க முடிகிறது. ஒரு சிகரெட் ஐந்தாறு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் முடிந்துவிடும். ஹூக்காவில் ஒரு அமர்வு 20 முதல் 80 நிமிடம், 50 முதல் 200 இழுப்பு வரை போகும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குறிப்பு. ஆக, ஃபாயிலை நன்றாகக் கட்டுவதன் நிஜ விளைவு, ஒருவர் இன்னும் அதிக நேரம் அந்தக் கரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதாகவே இருக்கலாம்.

தலை சுற்றினால் என்ன செய்வது?

ஹூக்கா பிடித்துக்கொண்டிருக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் பலர் அதை 'கிக்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிகோடினாகவும் இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு நச்சின் முதல் அறிகுறிகளும் இவையேதான். இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாகப் பற்றிக்கொள்ளும். ஏசி போட்டு ஜன்னல் சாத்திய அறையில், கூடவே சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

அப்படி ஆனால் உடனே கரியை அணைக்க வேண்டும், எல்லோரும் திறந்த வெளிக்கு வர வேண்டும். மயக்கம், குழப்பம், நெஞ்சுவலி இருந்தால் 108-ஐ அழைக்கலாம். மருத்துவரிடம் ஹூக்கா பிடித்ததை மறைக்காமல் சொல்வது முக்கியம். ஏனென்றால் விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த நச்சைக் காட்டாது. 98, 99 என்று நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சிகிச்சை முகமூடி வழியாகத் தரப்படும் ஆக்சிஜன்.

தமிழ்நாட்டில் சட்டம் என்ன?

தமிழ்நாட்டில் 2022-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி ஹூக்கா பார் நடத்துவது குற்றம். 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். உணவகம் என்ற பெயரில் நடத்தினாலும் தப்ப முடியாது. பக்கத்து மாநிலமான கர்நாடகம் 2024 பிப்ரவரியில் ஹூக்கா விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் தடை விதித்தது. 18 வயது நிறையாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது நாடு முழுவதுமே குற்றம்.