பெரு நாட்டு நெத்திலி மீன்பிடி மேலாண்மை

அஞ்சோவெத்தா எனப்படும் பெரு நெத்திலி (அறிவியல் பெயர்: எங்ராலிஸ் ரிங்கென்ஸ்), எடைக் கணக்கில் உலகிலேயே மிக அதிகமாகப் பிடிக்கப்படும் மீன்களுள் ஒன்று. தென் அமெரிக்காவின் பெரு, வட சிலி கடற்கரைகளில் வாழ்கிறது. பிடிபடுவதில் மிகச் சிறு பகுதியையே மக்கள் நேரடியாக உண்கின்றனர். எஞ்சியது மீன்மாவாகவும் மீன் எண்ணெயாகவும் மாறி, பெரும்பாலும் மீன், இறால் பண்ணைகளுக்குத் தீவனமாகிறது.

சூழலும் இயல்பும்

ஹம்போல்ட் குளிர் நீரோட்டப் பகுதியில், ஆழ்கடலின் ஊட்டச்சத்து மிக்க நீர் கரையோரம் மேலெழுகிறது. அங்கே செழிக்கும் மிதவை உயிரிகளே நெத்திலிக்கு உணவு. ஏறக்குறைய ஓராண்டில், 12 செ.மீ. நீளத்தை எட்டும்போது இது இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஆயுள் மூன்று, நான்கு ஆண்டுகளே. விரைவில் பெருகும் இம்மீன் விரைவில் சரியவும் செய்யும். எல் நினோ காலத்தில் கடல் வெப்பமடைந்தால், மீன் கூட்டங்கள் கரையோரக் குளிர்நீரில் நெருக்கமாக ஒதுங்குகின்றன. அப்போது இருப்பு குறைந்திருந்தாலும் வலை நிறையும். இதுவே பெரிய ஆபத்து.

வீழ்ச்சி

1950களில் தொடங்கிய மீன்மாவுத் தொழில், சிம்போத்தே நகரைப் பெரிய மீன்பிடித் துறைமுகமாக்கியது. 1970இல் பிடிப்பு 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆண்டுக்குச் சுமார் 95 லட்சம் டன்னே தாங்கும் அளவு என்று வல்லுநர் குழு அதே காலத்தில் கணித்திருந்தது. 1972இல் வந்த எல் நினோவும் மிகைப்பிடிப்பும் சேர்ந்து, 1973இல் பிடிப்பை 20 லட்சம் டன்னுக்கும் கீழே தள்ளின. அவ்வாண்டே இராணுவ அரசு இத்தொழிலை நாட்டுடைமையாக்கியது. மீன்வளம் 1990களில்தான் பழைய நிலையை நெருங்கியது. ஆலைகளும் அப்போது மீண்டும் தனியார் வசமாயின.

மேலாண்மை முறை

1964இல் நிறுவப்பட்ட பெரு கடல் ஆய்வு நிறுவனம், ஒவ்வொரு பருவத்துக்கும் முன் ஆய்வுக் கப்பல்களில் எதிரொலிக் கருவிகளைக் கொண்டு மீன் இருப்பை மதிப்பிடுகிறது. முட்டையிடக் கடலில் விட வேண்டிய அளவைக் கழித்தபின், மிஞ்சுவதிலிருந்தே மொத்தப் பிடிப்பு வரம்பை அரசு அறிவிக்கிறது. வட-நடுக் கடற்பகுதியில் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு பருவங்கள், இடையில் தடைக்காலம். தொழில்முறைப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் கண்காணிப்பு கட்டாயம். 12 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சுகள் எண்ணிக்கையில் 10 விழுக்காட்டுக்கு மேல் சிக்கும் இடங்கள் தற்காலிகமாக மூடப்படுகின்றன.

2008 வரை மொத்த வரம்பு மட்டுமே இருந்தது. யார் முந்துகிறாரோ அவருக்கே மீன் என்பதால், அனைவரும் பெரிய படகுகளில் முதலிட்டனர். பருவமும் சில வாரங்களில் முடிந்தது. அவ்வாண்டு வந்த 1084ஆம் எண் அரசாணைச் சட்டம், மொத்த வரம்பில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு விழுக்காட்டுப் பங்கை ஒதுக்கியது. 2009இல் நடைமுறைக்கு வந்த இம்முறையில், ஓர் உரிமையாளர் தம் படகுகளின் பங்குகளைச் சிலவற்றிலேயே சேர்த்துப் பிடித்து, மற்றவற்றைக் கரையில் நிறுத்தலாம். கடலுக்குச் செல்லும் படகுகள் குறைந்தன, பருவம் நீண்டது, ஆலைகளுக்குப் புதிய மீன் சீராகக் கிடைத்ததால் மீன்மாவின் தரமும் உயர்ந்தது.

குறைபாடுகள்

பங்குகள் முந்தைய பிடிப்பையும் படகின் கொள்ளளவையும் வைத்து வழங்கப்பட்டதால், ஒதுக்கீட்டின் பெரும்பகுதி சில பெரிய நிறுவனங்களிடம் சேர்ந்தது. குஞ்சுகளுக்காக ஓரிடத்தை மூடும் அறிவிப்பே மீன் கூட்டம் எங்கே என்று காட்டிக்கொடுத்து, படகுகளை அதன் எல்லைக்கு ஈர்ப்பதும் உண்டு. பிடித்த குஞ்சுகளின் அளவைக் குறைத்துக் காட்டுவது மற்றொரு சிக்கல். நெத்திலியை நம்பி வாழும் நீர்க்காகம், கூழைக்கடா, கடல்சிங்கம் ஆகியவற்றுக்கான பங்கை வரம்புக் கணக்கில் தனியே சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது.

அண்மை நிலை

இம்முறை எவ்வளவு உறுதியானது என்பது மோசமான ஆண்டுகளிலேயே தெரிகிறது. 2014இன் இரண்டாம் பருவத்தை வட-நடுப் பகுதியில் அரசு திறக்கவில்லை. 2023இல் எல் நினோ சூழலில், சோதனை மீன்பிடிப்பில் குஞ்சுகளே மிகுதியாகச் சிக்கியதால் முதற்பருவம் ரத்தானது. ஏற்றுமதியும் வேலைவாய்ப்பும் அடிபட்டன. இருப்பு தேறிய பின், 2024 ஏப்ரலில் 24 லட்சத்து 75 ஆயிரம் டன் வரம்புடன் அப்பகுதியில் அவ்வாண்டின் முதற்பருவம் தொடங்கியது.