ஜாவா வீட்டுக்குள்ளே ஒரு சி பூட்டு

2014 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. அன்னைக்குத்தான் ஹார்ட்பிளீட் விஷயம் வெளியே வந்தது. இணையத்தோட பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்கிற என்கிரிப்ஷன் லைப்ரரியில ஓட்டை. அந்த நேரத்துல ஒரு சர்வர் டெவலப்பர், "நம்மளோடது ஜாவா, நமக்கென்ன?" என்று நினைச்சிருந்தா, அது பாதிதான் சரி. ஏன் பாதி? அதுதான் இன்றைய கதை.

1995-க்குப் போவோம். அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிடுது. கிட்டத்தட்ட அதே சமயம் ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் ரெண்டு பேரும் சி மொழியில எஸ்எஸ்எல்ஈஏஒய் என்கிற லைப்ரரியை உருவாக்குறாங்க. 1998 கடைசியில அதிலிருந்து கிளைச்சு வந்ததுதான் ஓபன்எஸ்எஸ்எல்.

ரெண்டுக்கும் குணம் வேற. சி-யில மெமரிக்கு நீங்கதான் பொறுப்பு. 10 இடம் உள்ள அரேயில 11-வது இடத்தைக் கேட்டா, பக்கத்துல என்ன கிடக்குதோ அதை எடுத்துக் கொடுத்துடலாம். ஜாவாவில அப்படி நடக்காது. நடுவுல விர்ச்சுவல் மெஷின் காவலுக்கு நிற்குது. எல்லை தாண்டினா எர்ரர். இப்படிக் காவலோட ஓடுறதைத்தான் 'மேனேஜ்டு கோட்' என்று சொல்றாங்க.

அப்புறம் ஏன் ஜாவாக்காரங்க சி லைப்ரரியை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தாங்க? முதல் காரணம், வேகம். ஜாவா 8-ல ஏஇஎஸ்-ஜிசிஎம் என்கிரிப்ஷன் ரொம்ப மெதுவா ஓடுச்சு. பிராசஸரோட உதவியை நல்லா எடுத்துக்க ஆரம்பிச்சது 2017-ல வந்த ஜாவா 9-லதான். இன்னொரு காரணம், புது வசதிகள். 2015-ல ஹெச்டிடிபி/2 வந்தப்போ அதுக்குத் தேவையான ஏஎல்பிஎன் அன்றைய ஜாவாவில இல்ல, ஓபன்எஸ்எஸ்எல்-ல இருந்தது.

கூட்டிட்டு வர்ற வழி 1997-லேயே இருந்தது: ஜாவா நேட்டிவ் இன்டர்ஃபேஸ், சுருக்கமா ஜேஎன்ஐ. அப்பாச்சி டாம்கேட் இந்த வழியில 'டாம்கேட் நேட்டிவ்' என்கிற இணைப்பைக் கொடுத்தது. பின்னால நெட்டியும் அதிலிருந்தே தனக்கொரு கிளையை எடுத்துக்கிட்டது. ஜாவா தன் டேட்டாவை சி-கிட்ட நீட்டும். சி பூட்டிக் கொடுக்கும்.

ஆனா அந்தக் கோட்டைத் தாண்டினதும் காவல் கிடையாது. சி பக்கம் ஒரு பாயின்டர் தப்பாப் போனா, ஜாவாவில எக்ஸெப்ஷனா வந்து நிற்காது; மொத்த சர்வரும் விழுந்துடலாம். அங்கே எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்கிற வேலையும் உங்களோடதுதான். கார்பேஜ் கலெக்டருக்கு அந்த இடம் தெரியாது.

இப்போ மறுபடி 2014. ஹார்ட்பிளீட்ல நடந்தது இதுதான். வாடிக்கையாளர் சில பைட் மட்டும் அனுப்பிட்டு, "64 கேபி அனுப்பியிருக்கேன், அப்படியே திருப்பி அனுப்பு" என்று கேட்கிறார். ஓபன்எஸ்எஸ்எல் அளவைச் சரிபார்க்கல. பக்கத்து மெமரியில இருந்ததையும் சேர்த்து 64 கேபி வரைக்கும் அள்ளிக் கொடுத்தது. பாஸ்வேர்டு, சர்வரோட ரகசியச் சாவி, எது வேணா அதுல இருக்கலாம். 2012 மார்ச்ல வந்த 1.0.1 பதிப்பிலிருந்து ரெண்டு வருஷம் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

ஜாவாவோட சொந்த என்கிரிப்ஷன்ல ஓடின டாம்கேட்டுக்குப் பாதிப்பு இல்ல. அதே டாம்கேட், அதே அப்ளிகேஷன், ஆனா ஓட்டையுள்ள ஓபன்எஸ்எஸ்எல்-ஐ நேட்டிவ் வழியில இணைச்சிருந்தா, ஆபத்து. ரெண்டுக்கும் நடுவுல இருந்தது கான்ஃபிகரேஷன்ல ஒரு தேர்வு. விண்டோஸ்ல இன்னொரு சிக்கல்: டாம்கேட் நேட்டிவோட தயார் நிலை ஃபைல்களுக்குள்ளேயே ஓபன்எஸ்எஸ்எல் சேர்ந்து வந்தது. ஓபன்எஸ்எஸ்எல்-ஐ வேற எங்கே புதுப்பிச்சாலும் உள்ளே இருந்தது மாறாது. அந்த இணைப்பையே 1.1.30 பதிப்புக்கு மாத்தணும்.

"அப்போ எல்லாத்தையும் ஜாவாவுலயே எழுதிட்டா?" நியாயமான கேள்வி. அதுக்கும் வரலாறு ஒரு பதில் வச்சிருக்கு. 2020-ல வந்த ஜாவா 15-ல, டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கிற சி++ கோடை எடுத்துட்டு ஜாவாவில எழுதினாங்க. மாத்தும்போது ஒரு சின்னச் சோதனை விட்டுப்போச்சு: கையெழுத்துல இருக்கிற ரெண்டு எண்களும் பூஜ்ஜியமா இருக்கக் கூடாது. விளைவு? பூஜ்ஜியத்தைப் போட்ட வெத்துக் கையெழுத்தையும் ஜாவா "சரி" என்று ஏத்துக்கிட்டது. நீல் மேடன் கண்டுபிடிச்ச இந்தத் தப்பு 2022 ஏப்ரல்லதான் திருத்தப்பட்டது. மெமரி ஒரு பைட் கூட கசியல. கணக்குதான் தப்பு.

ஆக, காவலாளி எல்லையைப் பார்ப்பான். கணக்கைப் பார்க்க மாட்டான். சி-யா ஜாவாவா என்பதை விட முக்கியமான கேள்வி: என் சர்வரோட பூட்டு யாருடைய கோடு, எந்தப் பதிப்பு, அதைப் புதுப்பிக்கிறது யாரோட வேலை?

2024-ல வந்த ஜாவா 22-ல ஜேஎன்ஐ இல்லாமலே சி லைப்ரரியைக் கூப்பிடும் வழி முழுமையாச்சு. டாம்கேட்டும் அந்த வழியில ஓபன்எஸ்எஸ்எல்-ஐப் பயன்படுத்துது. கோட்டைத் தாண்டுறது இப்போ சுலபம். கோடு மட்டும் அங்கேயேதான் இருக்கு.

நீங்க டாம்கேட்டை இப்படி ஓட்டுறவங்களா? அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகும்போது லாக்கைப் பாருங்க. எந்த ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பு உள்ளே வந்திருக்கு என்று ஒரு வரி ஓடும். அந்த எண்ணைக் கொஞ்சம் நின்னு படிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.