சாடியில் பரங்கிக்காய்: குளிர்காலக் காய்கறிப் பதனம்

இலையுதிர்காலத்தில் விளைந்த காய்கறிகளைக் கண்ணாடிச் சாடியில் அடைத்து, சூடாக்கி, காற்றுப் புகாமல் மூடிவைத்துக் குளிர்காலம் முழுவதும் உண்பது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வழங்கும் வீட்டுமுறை. பிரான்சின் மிட்டாய்க்காரர் நிக்கொலா அப்பேர் 1810இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். புட்டியைத் தக்கையால் அடைத்துக் கொதிநீரில் வைத்தார். உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. 1858இல் அமெரிக்கரான ஜான் லாண்டிஸ் மேசன் திருகுமரைச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் வெக் நிறுவனச் சாடிகள் வீட்டுக்கு வீடு புகுந்ததில், இந்த வேலைக்கே 'ஐன்வெக்கன்' என்று வினைச்சொல் பிறந்துவிட்டது.

எந்தக் காயை எப்படிச் சூடாக்குவது என்பதைப் புளிப்புத்தான் தீர்மானிக்கிறது. பரங்கி, பீன்ஸ், கேரட், பீட்ரூட் எல்லாம் புளிப்புக் குறைந்தவை. அவற்றின் அமிலகாரக் குறியீடு 4.6க்கு மேல். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத சாடி அவை முளைக்க ஏற்ற இடம். அவை சுரக்கும் நஞ்சைக் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுக்காமல் போகலாம். 2015இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தேவாலய விருந்தொன்றில் உருளைக்கிழங்கு சாலட் உண்ட 29 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். அந்தக் கிழங்கை வெறும் கொதிநீரில் வைத்துச் சாடியில் அடைத்திருந்தார்கள்.

ஆகவே பரங்கிக்கு அழுத்தக் கலன் கட்டாயம். அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டி, தோல் சீவிய காயை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, 2 நிமிடம் கொதிக்கவைத்து, வெந்த நீரோடு சாடியில் இடச் சொல்கிறது. மேலே ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும். பிறகு 11 பவுண்டு அழுத்தத்தில், ஏறத்தாழ 116 டிகிரி செல்சியஸில், அரை லிட்டர் அளவுள்ள சாடிக்கு 55 நிமிடம், ஒரு லிட்டர் அளவுள்ளதற்கு 90 நிமிடம். உயரமான ஊர்களில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். நம் வீட்டுக் குக்கர் இதற்கு உதவாது: அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், இந்தக் கணக்கு பெரிய கலனுக்கு உரியது.

பரங்கியை மசித்து அடைக்கவே கூடாது. துண்டுகளுக்கு இடையே நீர் சுழன்று சூட்டை நடுப்பகுதிவரை கொண்டுபோகும். மசியல் அசையாது, ஓரம் கொதிக்கும்போதும் நடுப்பகுதி போதிய சூடு பெறாது. மசியல் வேண்டுமென்றால் உறைபெட்டியில் வைப்பதே சரி.

ஜெர்மானியர் கண்ட வழி வேறு. காடி, சர்க்கரை, பட்டை, கிராம்பு, இஞ்சி சேர்த்த பாகில் துண்டுகளை இட்டு அடைக்கிறார்கள். காடியின் அளவைக் குறைக்காதவரை புளிப்பே காவல், கொதிநீர் போதும்.

சாடி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, தகட்டு மூடியின் நடுப்பகுதி 'டிக்' என்று உள்வாங்கும். மறுநாள் விரலால் அழுத்தினால் அது அசையக் கூடாது. அசைந்தால் அந்தச் சாடி அலமாரிக்குப் போகக் கூடாது.

முற்றிய முழுக்காய், காம்போடு இருந்தால், 10 முதல் 15 டிகிரிக் குளிர்ச்சியுள்ள உலர்ந்த அறையில் சில மாதங்கள் தானாகவே நிற்கும். தோல் கீறிய காய் நிற்காது. அதை உடனே சமைத்துவிட வேண்டும்.