லிஸ்டெட் சட்டமும் ரோவன் சட்டமும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006 அக்டோபரில், 13 வயது ஸக்கரி லிஸ்டெட் பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டான். சற்று நேரம் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். உயிர் பிழைத்தாலும் ஊனம் நீங்கவில்லை.

கனடாவின் ஒட்டாவாவில் 2013 மே மாதம், 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர், பள்ளி ரக்பி அணித் தலைவி, ஒரே வாரத்துக்குள் பலமுறை தலையில் அடிபட்டாள். அறிகுறிகளை இணையத்தில் தேடிப் பார்த்தாள், தோழிகளிடம் சொன்னாள். பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியாது. முந்தைய அடி ஆறுமுன் அடுத்த அடி பட்டால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடலாம். அவள் பிழைக்கவில்லை.

ஸக்கரி அடிபட்டதைப் பெரியவர்கள் பார்த்தார்கள். ரோவனுக்கு என்ன நேர்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. இந்த இருவர் பெயரில் வந்த சட்டங்களும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. 2009இல் வந்த லிஸ்டெட் சட்டத்தின் உயிர்நாடி ஒரு கட்டளை: தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கும் என்ற சந்தேகம் எழுந்தாலே பிள்ளையை வெளியேற்று, மருத்துவத் துறையினர் எழுத்தில் ஒப்புதல் தராமல் திரும்ப இறக்காதே. 2014க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

ரோவனின் மரணத்தை விசாரித்த குழு 49 பரிந்துரைகள் தந்தது. 2018இல் ஒட்டாவா அடங்கிய ஒன்டாரியோ மாகாணம் இயற்றிய ரோவன் சட்டத்தில் அதே வெளியேற்ற விதி உண்டு. கூடவே வயதுவாரியான விளக்கக் கையேடுகளும், பிள்ளையும் பெற்றோரும் ஏற்க வேண்டிய நடத்தை விதிகளும் உண்டு. லிஸ்டெட் சட்டமும் ஆண்டுதோறும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கையொப்பம் கேட்கிறது. ஆனாலும் ஒன்டாரியோ சட்டமே மேல் என்பேன். மூளை அதிர்ச்சியில் ரத்தம் வராது, ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "தலை சுத்துது" என்று பிள்ளை வாய் திறந்தால்தான் உண்டு. அணியில் இடம் போய்விடுமோ என்று பயப்படும் பிள்ளை வாய் திறக்காது. அந்தப் பயத்தைப் போக்குவதும் ஒரு சட்டத்தின் வேலை என்று ஒன்டாரியோ உணர்ந்திருக்கிறது. அம்மாகாணத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் பிள்ளைகளை விளையாட்டில் சேர்க்கும் நம் பெற்றோர் அந்தக் கையேட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துவிட்டே ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

இரண்டு சட்டங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: அவற்றின் கவனம் பெரும்பாலும் முதல் அடி விழுந்த பிறகு செய்ய வேண்டியதிலேயே இருக்கிறது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முற்றிலும் தடுக்காது. அடியையே குறைக்கும் வேலையை விளையாட்டு அமைப்புகள் செய்திருக்கின்றன. ஐஸ் ஹாக்கியில் 11, 12 வயதினர் உடலால் மோதித் தடுப்பதைக் கனடாவின் ஹாக்கி அமைப்பு 2013இல் நிறுத்தியது. பத்து வயது வரையுள்ளோர் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அமெரிக்காவின் சாக்கர் சம்மேளனம் 2015இல் அறிவித்தது.