போர்டிலேயே இருக்கும்போது கார்டு எதற்கு?

புதுக் கணினி அசெம்பிள் செய்யப் போனபோது, பரணில் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய சவுண்ட் கார்டைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதைச் சொருக இடமே இல்லையே" என்றான். என்னுடையது பிசிஐ கார்டு. புது மதர்போர்டில் இருந்தவை எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள். "போர்டிலேயே சவுண்ட் இருக்கே, அப்புறம் கார்டு எதுக்கு?" என்றும் கேட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 'பீப்' என்று கத்தும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றுதான் உண்டு. 1987இல் ஆட்லிப் கார்டு யமஹா சில்லு ஒன்றை வைத்து இசை எழுப்பியது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர், இசையோடு பதிவுசெய்த குரலையும் ஒலிக்க வைத்தது. கார்டு இல்லாவிட்டால் கணினி ஊமை. 1997இல் இண்டெல் வகுத்த ஏசி97, 2004இல் வந்த எச்டி ஆடியோ ஆகிய இரண்டு தரநிலைகளும் அந்த நிலையை மாற்றின. சில நூறு ரூபாய்கூடப் பெறாத சில்லு ஒன்று கார்டின் வேலையை ஏற்றுக்கொண்டது. விளையாட்டுகளுக்காகக் கார்டு வாங்கியவர்களுக்கு 2007இல் இன்னோர் அடி. விண்டோஸ் விஸ்டா, டைரக்ட்சவுண்ட் ஒலிக் கணக்குகளைக் கார்டுக்கு அனுப்பும் வழியையே அடைத்துவிட்டது. கணக்கெல்லாம் பிராசசர் பக்கம் போனபின் கார்டுக்கு என்ன மரியாதை?

இனி, கேட்கும் தரத்தைப் பார்ப்போம். சிடியின் 16 பிட் ஒலி, கணக்குப்படி ஏறக்குறைய 96 டெசிபெல் வீச்சைத் தாங்கும். போர்டில் பதித்து வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 சில்லுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எண் 120. 2017இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர்எக்ஸ் ஏஇ-5 கார்டுக்கு 122. இந்த இரண்டு டெசிபெலுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பவரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மின்விசிறி ஓடும் அறையின் இரைச்சலே 40 டெசிபெலைத் தாண்டும். அந்த வித்தியாசத்தைக் காது பிடிப்பதற்குள் மின்விசிறி அதை விழுங்கிவிடும்.

ஆனால் தயாரிப்பாளர் சொல்லும் எண், சில்லு தனியாக இருக்கும்போது கிடைப்பது. போர்டில் அது குடியிருக்கும் இடம் சந்தைக்கு நடுவில்: பக்கத்தில் பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் சுற்று, கொஞ்சம் தள்ளி கிராபிக்ஸ் கார்டு. மவுஸை நகர்த்தும்போது ஹெட்போனில் 'கிர்ர்' என்று கேட்டவர்களுக்கு இது புரியும். நல்ல போர்டுகளில் ஆடியோ பகுதியைச் சுற்றி ஒரு கோடு கிழித்ததுபோல் தெரியும். இரைச்சல் கசியாமலிருக்க அந்தப் பகுதியின் செப்புத் தளத்தை மற்றதிலிருந்து பிரித்திருக்கிறார்கள். மலிவான போர்டில் அந்தக் கரிசனத்தை எதிர்பார்க்க முடியாது.

இதில் போர்டின்மேல் விழும் பழியில் பாதி உண்மையில் கேபினெட்டுக்கு உரியது. முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கேபினெட்டின் உள்ளே எல்லாவற்றையும் தாண்டி வளைந்து வருகிறது. அது வழிநெடுக இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டே வரும். அதே ஹெட்போனைப் பின்பக்க ஜாக்கில் சொருகிப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும்.

'ம்ம்ம்' என்ற தொடர் முனகல் வேறு சங்கதி. கணினி ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்துக்கும் இடையே சுற்று உண்டானால் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒலியோடு கலந்துவிடும். இதற்குக் கார்டு மருந்தல்ல. காரணமே வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகிப் பார்க்கலாம். போர்டிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் ஜாக் இருந்தால் ஒளியிழைக் கேபிள் போடலாம். அதில் மின்சாரம் கடக்காததால் சுற்று அறுந்துவிடும். ஒலி அனலாக்காக மாறுவது ஆம்ப்ளிஃபயரில் என்பதால், அப்போது போர்டா கார்டா என்ற வழக்கே இல்லை.

கார்டுக்கு உண்மையாகவே வேலை இருப்பது கனமான ஹெட்போன் வைத்திருப்பவர்களிடம். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனைச் சாதாரணப் போர்டில் சொருகினால் ஒலியளவை முழுக்க ஏற்றியும் பாட்டு சோகை பிடித்ததுபோல் கேட்கலாம். ஏஇ-5 போன்ற கார்டுகளில் 600 ஓம் வரை தள்ளும் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் 32 ஓம் ஹெட்போனுக்கு அந்த வலு தேவையில்லை.

மைக் பக்கம் வந்தால் என் கருத்து அப்படியே மாறிவிடுகிறது. ஏஎல்சி1150 சில்லின் எண்களைப் பாருங்கள்: ஒலிக்கும் பக்கம் 115 டெசிபெல், பதியும் பக்கம் 104. மைக்குக்குள் பிறக்கும் மின்னழுத்தமோ அற்பம். மேடைகளில் எங்கும் காணும் ஷ்யூர் எஸ்எம்58இன் அருகில் சத்தமாகப் பேசினாலும் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான். அதை ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் பதிவு செய்யும் அளவுக்கு வரும். போர்டின் 'மைக் பூஸ்ட்' குரலோடு இரைச்சலையும் சேர்த்தே தூக்கிவிடும். நான் சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கிய முதல் மாதம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஸ்டுடியோ கண்டென்சர் மைக் கேட்கும் 48 வோல்ட்டைப் போர்டும் தராது, பெரும்பாலான உள்கார்டுகளும் தரா.

அதனால் இன்று போட்டி போர்டுக்கும் உள்கார்டுக்கும் நடுவில் இல்லை. கேபினெட்டுக்கு உள்ளே, வெளியே என்பதுதான். யுஎஸ்பியில் இணையும் ஆடியோ இன்டர்பேஸ் அந்தச் சந்தையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. 48 வோல்ட்டும் நல்ல ப்ரீ ஆம்ப்ளிஃபயரும் அதில் உண்டு. ஸ்டெயின்பெர்க் உருவாக்கிய ஏஎஸ்ஐஓ டிரைவர் வழியாகத் தாமதமும் குறையும்: 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் சுமார் 5.3 மில்லி வினாடி. எதிரே ஆறடி தள்ளி நிற்பவரின் பேச்சு நம் காதை எட்டும் நேரம் அது. கீபோர்டு வாசிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நாளை போர்டு மாறினாலும் ஸ்லாட் மாறினாலும் அதைக் கழற்றி அடுத்த கணினியில் மாட்டலாம்; பரணுக்குப் போக வேண்டியதில்லை.

பாட்டு, படம், விளையாட்டுக்குப் போர்டே போதும். குரலோ இசைக்கருவியோ பதிய வேண்டுமென்றால் யுஎஸ்பி. காலியான ஸ்லாட்டும் கனமான ஹெட்போனும் இருந்து, மேசைமேல் இன்னொரு பெட்டி பிடிக்காதவருக்கு மட்டும் உள்கார்டு. பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: மின்விசிறியை நிறுத்தி, மைக்கைப் பின்பக்கம் சொருகி, ஒரு நிமிடம் பேசாமல் பதிவு செய்து, ஒலியளவை ஏற்றிக் கேளுங்கள். மழைச் சத்தம் கேட்டால் மட்டும் கடைக்குப் போங்கள்.