சாய்தளம்

சாய்தளம் (பெ.): சக்கர நாற்காலியில் வருவோர் பிறர் தூக்கிவிடாமல் தாமே ஏறிச்செல்லப் படியருகே அமைக்கும் சரிவுப் பாதை. பேச்சு வழக்கில் 'ராம்ப்'.

'சாய்' தமிழ் வினையடி. 'தளம்' வடமொழி வழி வந்தது. சாய்ந்த, சாய்கின்ற, சாயும் என முக்காலத்துக்கும் பொருந்துவதால் வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'சாய்த்தளம்' பிழை. வாக்குச்சாவடி அறிவிப்புகளில் அடிக்கடி காணும் சொல்.

ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும் என்பது கட்டட நெறி. அந்தக் கணக்கில், சுமார் 800 அடி உயரமுள்ள செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் சாய்தளம் தேவை. பொதுக் கட்டடங்களில் தடையற்ற அணுகலை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் (2016) கட்டாயமாக்குகிறது.